தவிட்டுக்கு விற்ற எங்கள் மகள்

மகள் பிறந்து ஆறு மாதம் வரைக்கும் அவளைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நல்ல பேச்சுத்தான். அழமாட்டாள். பசித்தால் ஒரு முனகல், அவ்வளவே. படுக்க வைத்தால் வைத்த மாதிரியே கிடப்பாள். என் மனைவி அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவாள். மலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மற்றத் தொட்டில்கள் உள்ளேயிருந்து உதைபட்டுத் தாமாகவே ஆடும். எங்களுடையது யாராவது ஆட்டினால்தான் ஆடும். அங்கே வேலை செய்த ஆயம்மா ஒரு நாள் என்னிடம், "இது புள்ள இல்ல தம்பி, சாமி படம். மாட்டுன எடத்துல அப்படியே இருக்கு" என்றார்.

ஆட்கள் பேசுகிற பேச்சில் எனக்கு ஓர் ஆசை உண்டு. யாராவது ஒரு வார்த்தையை வித்தியாசமாகப் போட்டுவிட்டால் அதை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவேன். இதையும் அப்படித்தான் தூக்கிவந்து மனைவியிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பக்கத்து வீட்டிலும் எங்கள் மகளை ஒட்டியே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அது உருண்டு உருண்டு வாசற்படிக்குப் போய்விடும். மண்ணை அள்ளித் தின்னும். அதன் தாய் வாயைத் தோண்டிக்கொண்டே எங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்வாள்: "ஒங்க புள்ள எவ்ளோ அடக்கம். இது என்னத்தப் பெத்தேனோ, வயித்துலயே ரோட்டு வேல பாத்துட்டு வந்துருக்கு."

அதையும் நாங்கள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளை எடை பார்க்கும் நிறுவை நாளில்தான் அது பாராட்டில்லை என்று தெரிந்தது. மிட்வைஃப் மிஸ் சிங்களப் பெண். தோட்டம் தோட்டமாக நடந்து தமிழ் பழகியவர். எடை பார்த்து முடித்ததும் பிள்ளையை மேசையில் கிடத்தி, இரண்டு கையையும் பிடித்து மெதுவாக இழுத்து உட்கார்த்தப் பார்த்தார். உடம்பு வந்தது. தலை வரவில்லை, பின்னால் தொங்கியது. கிடத்திவிட்டு மறுபடியும் இழுத்தார்.

"அம்மே, புள்ள முன்னுக்கு வருது, தலை பின்னுக்கு நிக்குது. ரெண்டும் ஒண்ணா வரணும்."

"கொஞ்சம் சோம்பேறிங்க மிஸ்" என்றாள் என் மனைவி.

"சோம்பேறி ஆகுறதுக்கும் கொஞ்சம் வயசு வேணும்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோட்டத்திலிருந்து யட்டவத்தை பஜாருக்கு இறங்கி, அங்கிருந்து பஸ். பெரிய டொக்டர் பார்த்துவிட்டு உடற்பயிற்சி கொடுக்கும் அறைக்கு அனுப்பினார். அந்த அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து தாயின் பெயரைச் சொல்லி, அதோடு சிங்களத்தில் குழந்தை என்னும் 'பபா'வைச் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார். யாருடைய பிள்ளைக்குக் குறை என்று பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்க்கும். என் மனைவியின் பெயர் வந்தபோது அவள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே இருந்த மிஸ் இளம் வயது, தமிழ்ப் பெண். துவாய் ஒன்றை உருட்டிப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே வைத்து மெத்தையில் குப்புறப் போட்டார். எங்கள் மகள் கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மனைவி பாய்ந்து தூக்கப் போனாள்.

"இருங்க அக்கா. அழுறப்பதான் தலையத் தூக்கப் பாக்குறா. மூக்கப் பாருங்க."

பார்த்தோம். மூக்குக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி வந்து, மறைந்தது.

வீட்டிலும் இப்படியே செய்ய வேண்டும் என்றார். சேலைத் தொட்டில் தூக்கத்துக்கு மட்டும். அதில் உடம்பு சுருண்டு கிடக்குமே தவிர வேலை செய்யாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் தரையில். வாரா வாரம் வந்து காட்ட வேண்டும்.

சொல்வது அவருக்குச் சுலபம் என்று நான் எழுத மாட்டேன், அவர் நல்ல பிள்ளை. ஆனால் லயத்துச் சுவர் என்பது பேருக்குத்தான் சுவர். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். சிமெந்துத் தரையில் பாயும் அதற்கு மேல் கம்பளியும் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்ட மறு நிமிஷம் வாசலில் ஆட்கள். "பச்சப் புள்ளய என்னத்துக்குப்பா போட்டுச் சித்திரவத பண்றீங்க?" ஆயம்மாவிடம் கேட்டதற்கு, "கீழ போட்டா மத்ததுங்க மிதிச்சிரும், நான் எத்தனயப் பாக்குறது?" என்றார். அதுவும் நியாயம்தான். மனைவி அவளைக் குப்புறப் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் குப்புறப் படுத்து அழுவாள்.

என் மனைவியின் அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர்தான் ஒரு நாள் வந்து சொன்னார்.

"அழாத புள்ளன்னு பேரெடுத்த புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த நாள்லருந்து கத்துது. இது மருந்துல போற கொற இல்ல. பெத்தவங்க ராசி. தவிட்டுக்கு வித்துருவோம்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தேறாத வீட்டில் அதைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பெற்றவர்களைப் பிடித்திருக்கும் கெட்டது, 'இது இவர்கள் பிள்ளை இல்லை, தவிட்டு விலைக்குப் போன பிள்ளை' என்று விட்டுவிடும் என்பது நம்பிக்கை. அதன் பிறகு அந்தப் பிள்ளை வாங்கியவருடையது. பெற்றவர்கள் வளர்க்கத்தான் செய்வார்கள், ஆனால் தன் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. குறை தீர்ந்ததும் எதையாவது கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குகிறவர் பெற்ற பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். "ஒங்க மொதலாளி வீட்டம்மா இருக்காங்கல்ல, அவங்க பெத்ததெல்லாம் கன்னுக்குட்டி மாதிரி ஓடுது" என்றார் மதினி.

நான் யட்டவத்தையில் மிளகு, கராம்பு வாங்கும் கடையொன்றில் தராசில் நிற்கிறவன். முதலாளி முஸ்லிம். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவருடைய மனைவியை நாங்கள் எல்லாரும் ராத்தா என்போம். நான் போய்த் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தபோது அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"எங்கட மார்க்கத்தில புள்ள விக்கிறதும் இல்ல, வாங்குறதும் இல்ல தம்பி" என்றார். பிறகு எனக்குப் பின்னால் பிள்ளையோடு நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இலையைக் கீழே வைத்தார். "கோழிக்கு வெச்ச தவிடு ஈக்குது. தாறன். புள்ளயத் தாங்க, தூக்குறன். வாங்கினேனெண்டு நீங்க நெனச்சுக்கோங்க. தூக்கினேனெண்டு நான் நெனச்சுக்கிறன்."

பின்வாசலில்தான் நடந்தது. மதினி கொண்டுவந்த சுளகில் பிள்ளையைக் கிடத்தி ராத்தாவின் கையில் கொடுத்தோம். ராத்தா ஒரு சுண்டு தவிட்டை அளந்து மனைவியின் முந்தானையில் கொட்டினார். மனைவி திரும்பிப் பார்க்காமல் ரோட்டு வரைக்கும் நடந்து போய், வழியில் போகிற யாரோ மாதிரித் திரும்பி வந்தாள். "இந்தாம்மா, என்ட புள்ளயக் கொஞ்ச நாள் வளத்துத் தா" என்று மதினி சொல்லிக்கொடுத்ததை ராத்தா அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கொடுக்கும்போது, "கழுத்த ஏன் இப்பிடித் தொங்கப் போடுறா?" என்று கேட்டார். மனைவி பிள்ளையை வாங்கித் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தவிட்டை வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டோம். மேலே ஏறும்போது மனைவி பல வாரங்களுக்குப் பிறகு வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. பையோடு புறப்பட்டு நின்றோம். மதினி வாசலில் வந்து நின்றார்.

"எங்க?"

"மாத்தளைக்கு."

"அங்க எப்படிக் கூப்புடுவாங்க?"

மனைவி பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் பேரச் சொல்லித்தானடி? இன்னாரு புள்ளன்னு அத்தன பேர் முன்னாடி சத்தம் போட்டுக் கூப்புடுவான். நீயும் ஆமான்னு எந்திரிச்சுப் போவ. அப்ப வித்தது எதுக்கு? புள்ள ஒக்காரட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் போ."

பையை உள்ளே வைத்தோம். 'கொஞ்ச நாள்தானே' என்ற பேச்சு எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. மிட்வைஃப் மிஸ் கேட்டபோது மனைவி, போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்றாள். பிள்ளை திரும்பவும் சேலைத் தொட்டிலுக்குப் போனாள். அழுகை நின்றது. லயமே நிம்மதியாகிவிட்டது. "பாத்தியா, வித்ததும் அடங்கிருச்சு" என்றார்கள்.

மிளகுக் காலம் வந்தது. காயப்போட்ட சாக்குகளை மழைக்கு அள்ளுவதும் வெயிலுக்கு விரிப்பதுமாகக் கடையில் எனக்குத் தலை நிமிர நேரமில்லை. வீட்டில் மகள் நீளமானாள். அவ்வளவுதான். வேறொன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் மூடியபடியே இருந்தது. குளிப்பாட்டும்போது மனைவி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கழுவுவாள். கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும்.

ஹஜ் பெருநாளுக்கு மறுநாள் ராத்தா ஒரு ஆட்டோவில் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். கையில் பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம். "என்ட மகளப் பாக்க வந்தன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். தொட்டிலை விலக்கிப் பார்த்தார். தூக்கினார். தலை அவருடைய முழங்கைக்கு வெளியே தொங்கியது.

"ஆஸ்பத்திரியில என்ன செல்றாங்க?"

மனைவி தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், ஏன் போவதில்லை என்று. ராத்தா முதலில் சிரித்தார். முக்காலியில் உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகவே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மதினியைப் பார்த்தார்.

"அப்ப இந்தப் புள்ளக்கி இப்ப உம்மா ஆரு?"

"நீங்கதாங்க."

"நான்தானே. அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற ஆளும் நான்தான். இத்தன மாசம் என்ட புள்ளய ஆரக் கேட்டு வீட்டோட வெச்சீங்க?"

மதினி எதற்கும் சளைக்காத ஆள். அன்றைக்கு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போனவர் வெகு நேரம் வரவில்லை.

அந்த வாரமே போனோம். ராத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால், மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பெயரைக் கூப்பிட்டதும் மனைவிக்கு முன்னால் ராத்தா எழுந்தார். உள்ளே அந்த இளம் மிஸ் ராத்தாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"வாங்கின உம்மா."

"அப்ப இவங்க?"

"பெத்த உம்மா. அவவுக்கு இப்ப பேரில்ல."

மிஸ் என் மனைவியின் பக்கம் திரும்பி, "தவிட்டுக்கா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். மனைவி தலையசைத்தாள். திட்டுவார் என்று நின்றோம். திட்டவில்லை. பிள்ளையின் இடது கையை எடுத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தார். இடது காலை மடக்கி நீட்டினார். நேரம் போகப் போக அவருடைய முகம் மாறியது. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கண்டியில் தலையைப் படம் எடுத்தார்கள். அங்கே டொக்டர் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். மனைவிக்குச் சந்தைக்கு வேண்டிய அளவுதான். பிறக்கும்போதோ அதற்கு முன்போ மூளையின் ஒரு பக்கத்தில் பழுது ஏற்பட்டிருக்கிறது, நாங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல, மாற்ற மருந்தில்லை என்றார். பழகப் பழகச் சில வேலைகளை உடம்பு கற்றுக்கொள்ளும்; சின்ன வயதில் கற்றுக்கொடுத்தால் கூடக் கற்கும். உட்காருவாள் என்று நினைப்பதாகச் சொன்னார். நடப்பதைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம் என்றார். நான் ஒவ்வொன்றாக மனைவிக்குச் சொன்னேன்.

அவள் என்னிடம், "அந்த மாசமெல்லாம் வீணாகாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, நாளைக்கே தொடங்குங்கள் என்றார்.

"நாளைக்கே தொடங்கணுமாம்."

"நான் கேட்டது அது இல்லயே."

"அவரு சொன்னது அதுதான்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். 

மனைவி கொழுந்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டின் முன்னறையில் பாய் நிரந்தரமாக விரிந்து கிடந்தது. காலையிலிருந்து அவர்கள் இருவருக்கும் அந்தப் பாய்தான் மலை. குப்புறப் போடுவது, புரட்டுவது, முழங்கையை ஊன்ற வைப்பது, இடது கையில் கரண்டியைச் செருகுவது, அது விழுவது, மறுபடியும் செருகுவது. ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்துச் சலித்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க வீட்டுச் சங்கு ஊதலன்னா இன்னைக்கு லீவோன்னு பாக்குறேன்" என்றாள். கேலிதான், ஆனால் அன்பான கேலி. எங்கள் பிள்ளையின் அழுகைக்கு அவள், வேலைக்கு நேரம் சொல்லும் தோட்டத்துச் சங்கின் வேலையைக் கொடுத்துவிட்டாள்.

கடையிலிருந்து வந்ததும் என் முறை. மல்லாந்து படுத்து மகளை என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொள்வேன். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். சட்டையில் ஒட்டியிருக்கும் மிளகுத் தூளில் அவளுக்குத் தும்மல் வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் தலை ஒரு எகிறு எகிறும். "மிஸ்ஸ விட ஒங்க சட்ட கெட்டிக்காரி" என்றாள் மனைவி. அந்த வீட்டில் அந்த நாட்களில் சிரித்தது அதுபோல ஒன்றிரண்டுக்குத்தான்.

பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வாசலில் வந்து நின்று, பாயில் கிடக்கும் எங்கள் மகளைக் கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு அவளைத் தாண்டிக் காலெடுத்து வைத்து உள்ளே போய், எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பவும் தாண்டிப் போகும். ஒரு நாள் அது வருவதைப் பார்த்து மனைவி கதவைச் சாத்தினாள். அது வெளியே நின்று உள்ளங்கையால் கதவைத் தட்டியது. மனைவி திறந்துவிட்டாள். "அது என்ன செய்யும், பாவம்" என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கிளினிக்குக்கு ராத்தா முடிந்தபோதெல்லாம் வந்தார். ஆட்டோ பிடிப்பதும் அவர்தான், பெயரைக் கூப்பிட்டால் எழுவதும் அவர்தான். மகளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது கழுத்து நின்றது. ஆனால் உட்காரத் தெரியவில்லை. அப்போதுதான் மனைவி ஒரு நாள், திருப்பி வாங்கிவிடலாம் என்றாள்.

மதினிக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் ஒக்காரக்கூட இல்லயேடி. கொற தீராம வாங்குனா கொறயோடதான் வரும்."

"கொறயோடதான் பெத்தேன்" என்றாள் மனைவி.

"நான் ஒன் நல்லதுக்குத்தானே..."

"தெரியும்க்கா. ஒவ்வொரு தடவயும் என் பேரக் கூப்புடுறாங்க. அவங்க எந்திரிக்கிறாங்க. நான் பையப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடி போறேன். டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு யாரோ புள்ளயப் பத்திச் சொல்ற மாதிரி கேக்குது. என்னால இனிமே முடியாது."

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பின்வாசலுக்கு அவர் வரவில்லை. நாங்கள் ஒரு சுண்டு அரிசியும் தேங்காயும் கொண்டு போனோம். ராத்தா அரிசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து பிள்ளையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை. முக்காட்டு நுனியால் அவளுடைய வாயோரத்து எச்சிலைத் துடைத்தார்.

"இவளுக்காக துஆ கேக்காத நாளில்ல" என்றார். "கூட்டிப் போற நேரம் என்னயும் கூப்பிடுங்க. எனக்குப் பேரெல்லாம் வேணாம். சும்மா பக்கத்தில இருக்கிறன்."

அடுத்த கிளினிக் நாளில் பெஞ்சில் நாங்கள் மூன்று பெரியவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெயரும் 'பபா'வும் வந்தன. மனைவி எழுந்தாள். பெஞ்சு முழுவதும் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தது. பிள்ளையின் முகத்தை அவள் மூடவில்லை. உள்ளே மிஸ் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னார். அவளும் கேள்வி கேட்டாள், அதுவரைக்கும் கேட்காத கேள்விகள். காலுக்குச் சப்பாத்து ஒன்று அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்றார் மிஸ். அந்தச் சப்பாத்து எழுந்து நிற்பதற்கா என்று மனைவி கேட்டாள். "காலு வளஞ்சு போகாம இருக்கிறதுக்கு அக்கா" என்றார் அவர்.

திருப்பி வாங்கியதால் எதுவும் மாறவில்லை. அதை எதிர்பார்த்து வாங்கவும் இல்லை. மதினி சில வாரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வந்து பாயில் உட்கார்ந்து தானும் கரண்டியைச் செருகத் தொடங்கினார்.

மகள் இப்போது உட்காருகிறாள். யாராவது பிடித்து உட்கார்த்தி, வலது கையை முன்னால் ஊன்ற வைத்தால் இருப்பாள். வாசலில் நாயோ கோழியோ போனால் அதைப் பார்க்கத் திரும்புவாள். திரும்பியதும் ஆட ஆரம்பிப்பாள். விழுவதற்கு முன்னால் கையை நீட்டித் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுடைய உடம்புக்குத் தெரியவில்லை. விழுந்தால் எழவும் தெரியாது. விழுவது எப்போதும் இடப்பக்கம்தான். அதனால் அவள் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் அவளுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.